லேப்டாப் மாறினால் செட்டிங்ஸும் போகணுமா? ‘டாட்ஃபைல்’களைக் காப்பாற்ற எந்த டூல் யாருக்கு?

மண்ணச்சநல்லூரில் வீடு, நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் வேலை. காலையில் நெ.1 டோல்கேட், கொள்ளிடம், காவிரி என்று இரண்டு ஆறுகளைத் தாண்டி ஆபீஸ் போகணும். அங்கே கம்பெனி கொடுத்த விண்டோஸ் லேப்டாப். ராத்திரி வீடு திரும்பினால், லினக்ஸ் போட்ட சொந்தக் கணினி. இப்படி ஒரு இளம் டெவலப்பரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இரண்டு கணினியிலும் டைப் செய்வது அதே பத்து விரல்தான். ஆனால் ஆபீஸில் பழகிய ஷார்ட்கட் வீட்டில் வேலை செய்யாது. வீட்டில் அழகாகத் தெரியும் தமிழ் ஃபைல் பெயர், ஆபீஸில் வெறும் எண்களாகத் தெரியும். திடீரென்று ஒருநாள் “பழைய லேப்டாப்பைக் கொடுத்துட்டு புதுசு வாங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டால், வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த செட்டிங்ஸ் எல்லாம் அதோடு போச்சு.

இதைத் தடுக்க டூல்கள் இருக்கின்றன. ஒன்றல்ல, டஜன் கணக்கில். சிக்கலே அங்குதான். பொருந்தாத டூலை எடுத்தால் வார இறுதிகள் வீணாகும். நல்ல டூலையே கவனமில்லாமல் பயன்படுத்தினால் பாஸ்வேர்டும் வெளியே போகும். எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

டாட்ஃபைல் என்றால் என்ன?

ஒரு மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் எழுதிவைக்கும் குறிப்புதான் செட்டிங்ஸ் ஃபைல். யூனிக்ஸ், லினக்ஸ், மேக் கணினிகளில் இந்த ஃபைல்களில் பலவற்றின் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். அதனால் இவற்றுக்கு ‘டாட்ஃபைல்’ என்று பெயர். டெர்மினலுக்கு ‘.பாஷ்ஆர்சி’ அல்லது ‘.இசட்எஸ்ஹெச்ஆர்சி’, கிட்டுக்கு ‘.கிட்கான்ஃபிக்’, விம் எடிட்டருக்கு ‘.விம்ஆர்சி’ என்று ஆளுக்கு ஒன்று.

புள்ளியில் தொடங்கும் ஃபைல்கள் சாதாரணமாகக் கண்ணில் படாது. இது யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த வசதி இல்லை என்பதுதான் சுவாரஸ்யம். பெல் லேப்ஸில் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக், இந்தக் கதையை 2012-ல் எழுதினார். தொடக்க கால யூனிக்ஸில், ‘இந்த ஃபோல்டர்’ என்பதைக் குறிக்க ஒரு புள்ளியும், ‘மேலே உள்ள ஃபோல்டர்’ என்பதைக் குறிக்க இரண்டு புள்ளியும் சேர்க்கப்பட்டன. ஃபைல்களைப் பட்டியலிடும்போது இந்த இரண்டும் வந்து நிற்கக் கூடாது என்பதற்காக, ‘முதல் எழுத்து புள்ளி என்றால் விட்டுவிடு’ என்று சுருக்கமாக ஒரு வரி எழுதிவிட்டார்கள். விளைவு, புள்ளியில் தொடங்கும் எல்லா ஃபைலும் மறைந்துபோனது. பிறகு வந்த புரோகிராமர்கள் தங்கள் செட்டிங்ஸ் ஃபைல்களை ஒளித்துவைக்க இதையே வழியாக்கிக்கொண்டார்கள்.

பெயரின் கடைசியில் வரும் ‘ஆர்சி’ இன்னும் பழசு. 1960-களில் எம்.ஐ.டி.யில் ஓடிய சி.டி.எஸ்.எஸ். என்ற சிஸ்டத்தில், கட்டளைகளை வரிசையாக ஓடவைக்கும் ‘ரன்காம்’ என்ற வசதி இருந்தது. அதன் சுருக்கம்தான் இது.

கண்ணில் படாததால்தான் இவற்றை யாரும் பேக்கப் எடுப்பதில்லை. போட்டோவையும் டாக்குமென்ட்டையும் காப்பி செய்வோம். இதை மறந்துவிடுவோம். புது லேப்டாப்பில் உட்கார்ந்த முதல் நாளில்தான் அருமை தெரியும்.

பென்டிரைவில் காப்பி செய்தால் போதாதா?

ஒரு முறை மட்டும் மாற்றப்போகிறீர்கள் என்றால் போதும். இரண்டு கணினியையும் தினமும் பயன்படுத்துபவருக்குப் போதாது. திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு வரி சேர்ப்பார், செவ்வாய்க்கிழமை வீட்டில் வேறொரு வரியை மாற்றுவார். புதன்கிழமை எது புதுசு, எது பழசு என்றே தெரியாது. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை ஃபைலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் எந்த வரியை எப்போது, ஏன் மாற்றினோம் என்ற வரலாறு அங்கே தெளிவாக இருக்காது.

அந்த வரலாற்றை வைத்துக்கொள்ளத்தான் கிட் இருக்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. இப்போது டாட்ஃபைல்களுக்கான டூல்களில் பெரும்பாலானவை கிட்டோடு சேர்ந்தேதான் பயன்படுத்தப்படுகின்றன. ஃபைல்களை ஒரு ரெப்போவில் வைத்து, கிட்ஹப் போன்ற இடத்தில் ஏற்றி, மற்ற கணினியில் இறக்கிக்கொள்வதுதான் அடிப்படை. ‘ரெப்போவில் இருக்கும் ஃபைலை அதன் சரியான இடத்தில் எப்படிக் கொண்டுபோய் வைப்பது?’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு டூலும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

டூலைப் பார்க்கும் முன் மூன்று கேள்விகள்

‘எது பெஸ்ட்?’ என்று தேடினால் பதில் கிடைக்காது. முதலில் சொந்த நிலைமையைப் பார்க்கணும்.

ஒன்று: கணினிகள் எவ்வளவு வேறுபடுகின்றன? இரண்டும் உபுண்டு என்றால் ஒரே ஃபைல் இரண்டுக்கும் பொருந்தும். ஒன்று விண்டோஸ், ஒன்று லினக்ஸ் என்றால் பொருந்தாது. விஎஸ் கோட் எடிட்டரின் செட்டிங்ஸ் ஃபைலே விண்டோஸில் ஒரு இடத்திலும், லினக்ஸில் வேறு இடத்திலும், மேக்கில் மூன்றாவது இடத்திலும் இருக்கும்.

இரண்டு: ஃபைல்களுக்குள் ரகசியம் இருக்கிறதா? ஏபிஐ சாவி, டோக்கன், ஆபீஸ் சர்வர் முகவரி இதெல்லாம் டாட்ஃபைல்களுக்குள் சர்வசாதாரணமாக உட்கார்ந்திருக்கும்.

மூன்று: ஆபீஸ் கணினியில் என்ன இன்ஸ்டால் செய்ய விடுவார்கள்? அட்மின் அனுமதி இல்லாத லேப்டாப்பில் சில டூல்கள் நகரவே நகராது.

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால், தேர்வு தானாகச் சுருங்கிவிடும்.

வழி 1: டூலே வேண்டாம்

பலருக்கு இதுவே போதும். விஎஸ் கோடில் ‘செட்டிங்ஸ் சின்க்’ வசதி உள்ளேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அல்லது கிட்ஹப் கணக்கில் நுழைந்தால் செட்டிங்ஸ், ஷார்ட்கட், எக்ஸ்டென்ஷன் எல்லாம் இன்னொரு கணினிக்கு வந்துவிடும். எடிட்டரும் பிரவுசரும்தான் உலகம், டெர்மினல் பக்கம் அதிகம் போவதில்லை என்பவர், இதற்கு மேல் படிக்காமலே இருக்கலாம்.

வழி 2: கிட் மட்டும்

ஹோம் ஃபோல்டரையே கிட்டின் வேலைப் பகுதியாக வைத்துக்கொண்டு, வரலாற்றை மட்டும் தனி ஃபோல்டரில் சேமிக்கும் முறை இது. ‘பேர் ரெப்போ’ என்று சொல்வார்கள். கிட்டைத் தவிர வேறு எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம் என்பது இதன் பலம்.

ஆபத்தும் அங்கேதான். ‘எல்லாவற்றையும் சேர்’ என்று ஒரு கட்டளை தட்டினால், ஹோம் ஃபோல்டரில் உள்ள தனிப்பட்ட ஃபைல்களும் ரெப்போவுக்குள் போய்விடும். ‘கிட் கிளீன்’ கட்டளையைத் தெரியாமல் முழு வேகத்தில் ஓட்டினால், கிட்டுக்குத் தெரியாத ஃபைல்கள் அழிந்தே போகும். ஹோம் ஃபோல்டரில் அது போட்டோவாகவும் இருக்கலாம், சம்பள ஸ்லிப்பாகவும் இருக்கலாம். கிட் நன்றாகக் கைவந்தவர்களுக்கு மட்டுமே இந்த வழி.

வழி 3: ஸ்டோ

ஜிஎன்யு ஸ்டோ 1993-லிருந்து இருக்கிறது. பாப் கிளிக்ஸ்டைன் எழுதியது. டாட்ஃபைலுக்காக எழுதப்பட்டதே அல்ல. ஒரே கணினியில் தனித்தனியாக நிறுவிய மென்பொருள்களை ஒரே இடத்தில் இருப்பதுபோலக் காட்டுவதற்காக வந்தது. பிறகுதான் மக்கள் இதை டாட்ஃபைலுக்கும் பழக்கினார்கள்.

வேலை எளிது. உண்மையான ஃபைல் ரெப்போவில் இருக்கும். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ‘சிம்லிங்க்’, அதாவது ஷார்ட்கட் மாதிரி ஒரு சுட்டி இருக்கும். எந்தப் பக்கம் திறந்து எடிட் செய்தாலும் மாறுவது ஒரே ஃபைல்தான். அந்த இடத்தில் ஏற்கெனவே வேறு ஃபைல் இருந்தால், ஸ்டோ அதன்மேல் எழுதாமல் நின்றுவிடும். தொடக்கக்காரர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

குறை என்ன? ‘விண்டோஸ் என்றால் இப்படி, லினக்ஸ் என்றால் அப்படி’ என்று பிரித்துச் சொல்ல ஸ்டோவுக்குத் தெரியாது. விண்டோஸில் டபிள்யூ.எஸ்.எல். எனப்படும் உள்-லினக்ஸுக்குள் மட்டும் பயன்படுத்தலாம். நேரடி விண்டோஸில் சிம்லிங்க் உருவாக்கவே அட்மின் அனுமதியோ ‘டெவலப்பர் மோட்’டோ வேண்டும்.

இதே சிம்லிங்க் யோசனையை ஒரே ஒரு பட்டியல் ஃபைலில் எழுதிவைத்து ஓடவிடுவது ‘டாட்பாட்’. எழுதியவர் அனிஷ் அதால்யே. கல்லூரியில் யாரும் சொல்லித்தராத டெர்மினல், கிட் விஷயங்களுக்காக எம்.ஐ.டி.யில் நடத்தப்பட்ட ‘தி மிஸ்ஸிங் செமஸ்டர்’ வகுப்பை உருவாக்கிய மூவரில் இவரும் ஒருவர். அந்த வகுப்பின் பாடங்கள் இணையத்தில் இலவசம். அதில் டாட்ஃபைலுக்கும் இடம் உண்டு.

வழி 4: ஒய்.ஏ.டி.எம்.

கிட் தெரிந்தவருக்குப் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. கிட் கட்டளைகளே அப்படியே வேலை செய்யும். கூடுதலாக, ஒரே ஃபைலுக்கு லினக்ஸுக்கு ஒரு பிரதி, மேக்குக்கு ஒரு பிரதி என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் கணினி என்று பார்த்து அதுவே சரியானதை எடுத்துக்கொள்ளும். ரகசிய ஃபைல்களைப் பூட்டிவைக்கவும் வசதி உண்டு. பாஷ் தேவைப்படும் என்பதால் நேரடி விண்டோஸுக்கு இது தோதாக இருக்காது.

வழி 5: ஷேமுவா

எழுத்துக்கூட்டல் சி-ஹெச்-இ-இசட்-எம்-ஓ-ஐ. பிரெஞ்சில் ‘என் வீட்டில்’ என்று அர்த்தம். டாம் பெய்ன் எழுதியது. 2018-ல் வெளியானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே ஒரு ஃபைலாக வந்து இறங்கும். அட்மின் அனுமதி இல்லாமலும் பெரும்பாலும் ஓட்டிவிடலாம்.

இதன் பலம் டெம்ப்ளேட். ஒரே ஃபைலுக்குள் ‘விண்டோஸ் என்றால் இந்த வரி, லினக்ஸ் என்றால் அந்த வரி’ என்று எழுதிவிடலாம். பாஸ்வேர்டை ஃபைலில் எழுதாமல், பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்ட் போன்ற பாஸ்வேர்ட் மேனேஜரிலிருந்து அந்த நேரத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

பழகும்வரை ஒரு இடத்தில் பலரும் தடுக்கி விழுவார்கள். ஷேமுவா வழக்கமாகச் சுட்டி போடாது, காப்பிதான் வைக்கும். அவசரத்தில் ஹோம் ஃபோல்டரில் உள்ள ஃபைலை நேரடியாக எடிட் செய்தால், அந்த மாற்றம் ரெப்போவுக்குத் தெரியாது. அடுத்த முறை ரெப்போவில் உள்ளதை இறக்கும்போது, மாற்றியது தொலைந்துபோக வாய்ப்பு உண்டு. இறக்கும் முன் ‘டிஃப்’ கட்டளையில் வித்தியாசத்தைப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

வழி 6: ஹோம் மேனேஜர்

செட்டிங்ஸ் மட்டுமல்ல, எந்தெந்த மென்பொருள் எந்த வெர்ஷனில் இருக்கணும் என்பதையும் சேர்த்தே எழுதிவைக்க விரும்புபவர்களுக்கு இது. ஈல்கோ டோல்ஸ்ட்ரா தொடங்கிய நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேனேஜரின் மேல் ஓடுகிறது. புதுக் கணினியில் ஒரு கட்டளை தட்டினால் பழைய சூழல் அப்படியே எழுந்து நிற்கும். ஆனால் நிக்ஸுக்கு என்று தனி மொழி இருக்கிறது. அதைக் கற்க நேரம் ஒதுக்கணும். நான்கு செட்டிங்ஸ் ஃபைலுக்காக இதில் இறங்குவது, கொசு அடிக்க ஜே.சி.பி. கொண்டுவருவது மாதிரி.

டூல் இல்லாமலே தீரும் சிக்கல்

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ‘இரண்டு கணினிக்கும் வித்தியாசம் இருக்கிறதே, டெம்ப்ளேட் வேண்டுமே’ என்று பெரிய டூலுக்குப் போகும் பலருக்கு, உண்மையில் அது தேவைப்படாது.

உதாரணத்துக்கு, சொந்த புராஜெக்ட்டில் சொந்த மெயில் ஐ.டி.யும், ஆபீஸ் புராஜெக்ட்டில் ஆபீஸ் மெயில் ஐ.டி.யும் வரணும். இதற்கு 2017-லிருந்தே கிட்டுக்குள் வழி இருக்கிறது. ‘இன்க்ளூட்இஃப்’ என்ற செட்டிங். ‘ஆபீஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும்போது மட்டும் இந்தக் கூடுதல் ஃபைலையும் படி’ என்று ஒரே ஃபைலில் சொல்லிவிடலாம்.

அதேபோல, டெர்மினல் செட்டிங்ஸ் ஃபைலின் கடைசியில் ‘லோக்கல் என்ற பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் அதையும் படி’ என்று ஒரு வரி சேர்க்கலாம். பொதுவானது ரெப்போவில் போகும். அந்தக் கணினிக்கு மட்டுமானது லோக்கல் ஃபைலில் அங்கேயே கிடக்கும். இந்த இரண்டு தந்திரமும் தெரிந்தால் லினக்ஸ், மேக் பயனாளர்கள் பலருக்கு ஸ்டோவே தாராளம்.

விண்டோஸும் லினக்ஸும் கலந்தால் இன்னொரு சின்னத் தொல்லை உண்டு. வரி முடிவை விண்டோஸ் இரண்டு குறிகளால் எழுதும், லினக்ஸ் ஒன்றால் எழுதும். விண்டோஸில் சேமித்த ஸ்கிரிப்ட் லினக்ஸில் புரியாத எரர் காட்டினால் பெரும்பாலும் இதுதான் காரணம். ரெப்போவில் ‘.கிட்ஆட்ரிப்யூட்ஸ்’ ஃபைல் ஒன்று வைத்து, வரி முடிவு லினக்ஸ் முறையில்தான் இருக்கணும் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால், கிட் அதைத் தமிழில் காட்டாது. ‘ம’ என்ற ஒரே எழுத்து ‘\340\256\256’ என்று வந்து நிற்கும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. கிட் அந்த மூன்றையும் எண்களாக மாற்றிக் காட்டுகிறது. ‘கோர் கோட்பாத்’ என்ற செட்டிங்கை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகவே தெரியும். ‘.கிட்கான்ஃபிக்’ ஃபைலில் ஒரு வரிதான். ஆனால் ஒவ்வொரு கணினியிலும் இருக்கணும். டாட்ஃபைல் ரெப்போ எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கீபோர்ட் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். லினக்ஸில் எஃப்சிஐடிஎக்ஸ்-5 வழியாக தமிழ்99 பயன்படுத்தினால், அதன் செட்டிங்ஸ் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். ரெப்போவில் சேர்த்துவிடலாம். உபுண்டுவின் க்னோம் திரையில் சேர்த்த கீபோர்டு விவரமோ ‘டிகான்ஃப்’ என்ற டேட்டாபேஸுக்குள் போய்விடும். அதை டெக்ஸ்டாக எடுத்துத்தான் சேமிக்கணும். விண்டோஸ், மேக்கில் கீபோர்டைக் கையால் ஒரு முறை சேர்த்துவிடுவதே சுலபம்.

தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பழைய லேப்டாப் வீட்டில் இன்னும் உயிரோடு இருந்தால், இதையெல்லாம் பயமில்லாமல் பழகிப்பார்க்க அது போதும்.

பாஸ்வேர்டு வெளியே போகாமல் இருக்க

எந்த டூலைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய நஷ்டம் வருவது இங்கேதான்.

டொயோட்டா நிறுவனத்தின் ‘டி-கனெக்ட்’ சேவையின் கோடில் ஒரு பகுதி, ஒப்பந்ததாரர் வழியாக 2017 டிசம்பரில் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏறிவிட்டது. உள்ளே சர்வருக்கான சாவி இருந்தது. 2022 செப்டம்பரில்தான் கண்டுபிடித்தார்கள். 2,96,019 வாடிக்கையாளர்களின் மெயில் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது.

‘என்னுடையது பிரைவேட் ரெப்போதானே?’ என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2016-ல் ஊபர் பொறியாளர்கள் பயன்படுத்திய பிரைவேட் ரெப்போவுக்குள் ஹேக்கர்கள் நுழைந்தார்கள். அங்கே கிடைத்த அமேசான் கிளவுட் சாவியை வைத்து 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்களை எடுத்தார்கள்.

இவை டாட்ஃபைல் ரெப்போக்கள் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். ரெப்போவில் சாவி இருக்கக் கூடாது. அதற்குச் சில விதிகள்:

– எஸ்எஸ்ஹெச் பிரைவேட் கீயை எந்த ரெப்போவிலும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கணினிக்கும் புதிதாக ஒன்று உருவாக்குங்கள்.

– டெர்மினலில் தட்டிய கட்டளைகளைச் சேமிக்கும் ஹிஸ்டரி ஃபைலைச் சேர்க்காதீர்கள். அவசரத்தில் தட்டிய பாஸ்வேர்டும் அதில் இருக்கும்.

– எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு இருக்காது. ஆனால் ஆபீஸ் சர்வர்களின் பெயரும் முகவரியும் இருக்கும். அதை லோக்கல் ஃபைலில் விட்டுவிடுங்கள்.

– தவறிப்போய் சாவி ஏறிவிட்டதா? அந்த வரியை அழித்து மறுபடி ஏற்றினால் போதாது. கிட் பழையதை மறக்காது. முதல் வேலையாக அந்தச் சாவியையே ரத்துசெய்து புதுசு வாங்குங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு.

கிட்ஹப் 2024-லிருந்து பப்ளிக் ரெப்போக்களில் சாவி மாதிரித் தெரிவதை ஏற்றும்போதே தடுக்கிறது. ஆனால் அதற்குத் தெரிந்த வடிவத்தில் உள்ள சாவிகளைத்தான் பிடிக்கும். நீங்களே வைத்த பாஸ்வேர்டை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? பிரைவேட் ரெப்போ 2019-லிருந்தே இலவசம். தொடக்கத்தில் அதையே வைத்துக்கொள்வது நல்லது. ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த ரெப்போவை இறக்கலாமா, கூடாதா என்பதை ஐ.டி. டீமிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

அப்போ, யாருக்கு எது?

– எடிட்டர் மட்டும்தான் என்றால்: டூல் வேண்டாம், செட்டிங்ஸ் சின்க் போதும்.

– எல்லாம் லினக்ஸ் அல்லது மேக், வித்தியாசம் குறைவு என்றால்: ஸ்டோ அல்லது டாட்பாட்.

– கிட் கைவந்தவர், லினக்ஸும் மேக்கும் கலந்து வைத்திருப்பவர் என்றால்: ஒய்.ஏ.டி.எம்.

– விண்டோஸும் உண்டு, ரகசியங்களும் உண்டு என்றால்: ஷேமுவா.

– மென்பொருள் வெர்ஷன் வரை அச்சு அசலாக வேண்டும், கற்க நேரமும் உண்டு என்றால்: ஹோம் மேனேஜர்.

நவல்பட்டு விண்டோஸ், மண்ணச்சநல்லூர் லினக்ஸ் என்ற கணக்குக்கு ஷேமுவா பொருந்தும். ஆபீஸ் வேலையையும் டபிள்யூ.எஸ்.எல்.லுக்குள்ளேயே செய்பவர் என்றால் ஸ்டோவே போதும்.

தொடங்கும்போது எல்லாவற்றையும் அள்ளிப் போட வேண்டாம். தினமும் தொடும் மூன்று ஃபைலை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறை வரி வரியாகப் படித்து, ரகசியம் இருந்தால் லோக்கல் ஃபைலுக்கு நகர்த்துங்கள். பிறகு ரெப்போவில் ஏற்றுங்கள். நாளைக்கு வேறு டூல் பிடித்தாலும் கவலை இல்லை. ஃபைல்கள் சுத்தமாக இருந்தால் டூலை மாற்றுவது ஒரு மாலை நேர வேலைதான்.

கடைசியாக ஒரு பரீட்சை. அதே கணினியில் புதிதாக ஒரு யூசர் அக்கவுண்ட் உருவாக்கி, ரெப்போவிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அதைக் குறித்துவைத்து, ரெப்போவிலேயே ஒரு ரீட்மீ ஃபைலாக எழுதிவிடுங்கள். லேப்டாப் தொலைந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட, அது கையில் இருக்கும்போதே கண்டுபிடிப்பது நல்லது.